நான் சேர்த்த ஆடு

மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்க்காரர்கள் அதிகம் என்பதால் எங்கள் அலுவலகத்துக்குத் தமிழிலும் மனு வரும். அதை மலையாளத்தில் மாற்றிக் கோப்பில் சேர்ப்பது என் பொறுப்பு. கிணறு வற்றிவிட்டது, பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டிவிட்டார், ரேஷன் அட்டையில் மகள் பெயர் தப்பாக இருக்கிறது, இப்படித்தான் இருக்கும். எழுதியவர் கோபத்தில் ஒரே வரியை மூன்று முறை எழுதியிருந்தால் நானும் மூன்று முறை எழுதுவேன். 'பாவி' என்று திட்டியிருந்தால் அதற்குச் சரியான மலையாளச் சொல்லைத் தேடிப் போடுவேன். பதினாறு வருடத்தில் ஒரு மனுவிலும் ஒரு வார்த்தையைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அலுவலகத்தில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு இதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்படிப்பட்ட நான் ஒரு ஜப்பானிய அனிமே தொடரில் இல்லாத ஓர் ஆட்டைச் சேர்த்தேன். தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதை உயிராக நினைக்கிற ரசிகர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள், தெரிந்தால் என்னைச் சும்மா விட மாட்டார்கள். அதை ஏன் செய்தேன், அதனால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன்.

அம்மா கேரள மலையில், சக்குபள்ளத்தில், ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலை. ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஆனால் காய்ப்பது அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில். குத்தவைத்து உட்கார்ந்து, சரத்தை விலக்கி, பழுத்த காயை மட்டும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்க வேண்டும். பக்கத்துப் பிஞ்சு அசையக் கூடாது, பூ உதிரக் கூடாது. அம்மாவின் குழுவில் பதினோரு பெண்கள். சரிவில் வரிசையாக நகர்வார்கள். வரிசையின் மேல் ஓரத்தில் இருப்பவர் போகிற வேகத்தில்தான் மற்றவர்கள் போக வேண்டும் என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. அந்த மேல் ஓரம் அம்மாவுடையது. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட எழுந்து போய் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

ஐப்பசி மழையில் சரிவில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. அங்கேயே கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. தை மாதம் நானே போய் அவளைச் சித்தூருக்குக் கூட்டி வந்தேன். இரண்டும் கேரளம்தான், ஆனால் கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேர வேண்டும். வழி முழுக்க அம்மா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஆடிக்குள்ள கை சரியாயிரும்ல?"

ஆடியில் அடுத்த பருவத்தின் முதல் எடுப்பு. அதற்குள் போகாவிட்டால் மேல் ஓரத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். அது அவளுக்குச் சாவைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

சித்தூரில் காட்டிய டாக்டர் நல்ல மனிதர். அம்மாவை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டு, பழைய படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி என்னிடம் மலையாளத்தில் சொன்னார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் நரம்பு அடிபட்டிருக்கிறது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழையபடி கிள்ளிப் பிடிக்காது, காய் எடுக்கிற வேலை இனி முடியாது. அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. கடைசியில் கை இறுகிப் போகாமல் இருக்க ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்.

வெளியே வந்த அம்மா, "என்னடி சொன்னாரு?" என்று கேட்டாள்.

"பந்தை அமுக்கணுமாம். சரியாயிரும்னு சொன்னாரு."

மொழிபெயர்ப்பில் நான் சொன்ன முதல் பொய் அதுதான். ஆடு பிறகு வந்தது.

சித்தூரில் நான் இருப்பது மாடி வீடு. சன்னலுக்கு வெளியே வயலும் தென்னையும். மலையிலிருந்து வந்தவளுக்கு இந்தத் தட்டை நிலம் பிடிக்கவில்லை. "எந்தப் பக்கம் பாத்தாலும் வானம்தான் கெடக்கு. கண்ணு எங்கன போயி நிக்கும்?" என்று எரிந்து விழுந்தாள். பகலெல்லாம் பந்தை அமுக்கினாள். சமையலறையில் நான் வைத்த ஒவ்வொரு பாத்திரத்திலும் குற்றம் கண்டுபிடித்தாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தேன். சாயங்காலம் ஆறரைக்கு மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன். அது நான் தொடர் பார்க்கும் நேரம்.

அந்தத் தொடரை நான் அதற்கு முன்பே இரண்டு முறை முழுதாகப் பார்த்திருந்தேன். உலகம் அழிந்து பல வருடங்களுக்குப் பிறகு நடக்கும் கதை. வற்றிப்போன ஒரு பெரிய ஏரி, அதன் குறுக்கே ஓர் அணை. அந்த அணைச் சுவருக்குள்ளே இருக்கும் நடைபாதைகளில் ஏழு பேர் குடியிருக்கிறார்கள். ஏரியின் அடியில் ஒருகாலத்தில் மூழ்கிய ஊர் இப்போது வெயிலில் கிடக்கிறது. கயிறு கட்டி அங்கே இறங்கி, வேண்டியதைத் தேடி எடுத்து மேலே ஏற்றி வருவதுதான் அவர்கள் பிழைப்பு. பேய் கிடையாது, பூதம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. உலகம் எப்படி அழிந்தது என்று கடைசி வரை யாரும் சொல்வதில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் யார் எடுத்து வந்தார்கள் என்பதை மட்டும் விடாமல் காட்டுவார்கள்.

ஒரு முழு அத்தியாயம் ஓர் ஊசி செய்வதைப் பற்றி. எலும்பைத் தேய்க்கிறார்கள், உடைகிறது, மறுபடி தேய்க்கிறார்கள். துளை போடும் இடத்தில் மறுபடி உடைகிறது. இருபது நிமிடம் கழித்து நூல் அந்தத் துளைக்குள் நுழைந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இன்னொரு அத்தியாயத்தில் உடையாத சன்னல் கண்ணாடி ஒன்று கிடைக்கிறது. அதை அணை மேல் கொண்டு போய்ச் சேர்க்க ஒரு நாள் முழுக்க ஆகிறது. வைத்துவிட்டு ஏழு பேரும் அதன் வழியே வெளியே பார்க்கிறார்கள். வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் புழுதி. அந்தப் புழுதியை அவர்கள் பார்த்த விதத்துக்காகவே அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். நாள் முழுக்க நான் மனு வாசிக்கிறவள். தண்ணீர் வேண்டும், வழி வேண்டும், கூரை வேண்டும் என்று எல்லோரும் யாரிடமோ கேட்கிறார்கள். யாரோ கையெழுத்துப் போட வேண்டும், அவர் லீவில் இருப்பார். அந்தத் தொடரில் மனு கொடுக்க ஆளே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அவர்களே போய் எடுக்க வேண்டும். பயங்கரமான உலகம்தான், ஆனாலும் அதைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு லேசாக வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சில நாள் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அம்மா முதல் வாரம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "கழுத வயசுல பொம்மைப் படம் பாக்குறா" என்று சுவரிடம் முறையிட்டாள். இரண்டாவது வாரம் வெங்காயம் உரிக்கிற சாக்கில் கூடத்துக்கு வந்தாள், இடது கையில் கத்தி, வலது கையில் வெங்காயம் தடுமாறியது. திரையில் ஓர் இளைஞன் விறகுக் கட்டைக் கயிற்றால் கட்டி மேலே அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தான். அம்மா கத்தியை நிறுத்தினாள்.

"அந்த முடிச்சு நிக்காது" என்றாள். "நனைஞ்சா நழுவிரும்."

அடுத்த காட்சியில் மழை வந்தது. கட்டு பாதி உயரத்தில் நழுவி, கீழே நின்றவர் தோளில் விழுந்தது.

நான் அதை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தவள். விபத்து என்றுதான் நினைத்திருந்தேன். பின்னால் ஓட்டி முடிச்சை நிறுத்திப் பார்த்தேன். அதற்கு முந்தைய அத்தியாயங்களில் மற்றவர்கள் போடும் முடிச்சு வேறு, இவன் போட்டது வேறு. ஒரு சுற்று குறைவு. எங்கோ ஜப்பானில் ஒருவர் உட்கார்ந்து, ஒரு தப்பான முடிச்சைப் பிசகாமல் தப்பாக வரைந்திருக்கிறார். யாருமே கவனிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் வரைந்திருக்கிறார். அதைப் பார்க்கச் சக்குபள்ளத்திலிருந்து கை முறிந்த ஒருத்தி வர வேண்டியிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திரையைப் பார்ப்பதா அம்மாவைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

அன்றைக்கே முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். பேச்சு ஜப்பானிய மொழி, கீழே ஓடும் எழுத்து ஆங்கிலம். நான் அதைப் பார்த்துத் தமிழில் வாசிப்பேன். தினமும் பார்த்தால் ருசி போய்விடும் என்று வாரத்துக்கு மூன்று நாள் என அம்மாவே முடிவு செய்தாள். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாவும் மாடி ஏறி வந்தார். அவர்தான் வீட்டுக்காரர், இரண்டு பசுமாடு வைத்திருப்பவர், எதையும் விவரமாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஏனுங்க அக்கா, இவங்க ஏழு பேருக்கும் சொந்தக்காரங்க யாருமே இல்லீங்களா?" என்று முதல் நாளே கேட்டார்.

"எல்லாரும் போயிச் சேந்துட்டாக, தாயி."

"அட பாவமே. மாடு கன்னு?"

"அதுவும்தான்."

கீழ்வீட்டு அம்மா அந்த உலக அழிவை அப்போதுதான் முழுதாக உணர்ந்தவர் போல வாயில் கையை வைத்துக்கொண்டார்.

அம்மா பார்க்கிற முறையே வேறு. முகத்தைப் பார்க்க மாட்டாள். கையைத்தான் பார்ப்பாள். யார் குடத்தை எந்த இடுப்பில் வைக்கிறார்கள், யார் கஞ்சியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறார்கள், யார் கத்தியைத் துடைக்காமல் வைக்கிறார்கள் என்று எல்லாம் அவள் கண்ணில் படும். "இந்த ஆளு கொண்டாந்ததுல பாதிய ஒளிச்சு வைக்கிறான், பாரு, பைய இறுக்கிப் பிடிக்கிறான்" என்று மூன்றாவது அத்தியாயத்தில் சொன்னாள். ஏழாவதில் அது வெளியே வந்தது. ஏரிக்கடியில் காய்ந்த நாணலுக்குள் குத்தவைத்து விதை பொறுக்கும் காட்சி வந்தபோது, "அந்த ஊருலயும் இடுப்பு ஒடியத்தான் வேல" என்று பெருமூச்சு விட்டாள். மொழியும் தெரியாமல், எழுத்தும் தெரியாமல், அவள் அந்தத் தொடரை என்னைவிட ஆழமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாசிப்பது அவளுக்கு வெறும் தொட்டுக்கொள்ளத்தான் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கதையின் நாயகி ஒரு பெண். ஏழு பேரில் நன்றாகக் கயிறு ஏறுகிறவள், எப்போதும் முதலில் இறங்குகிறவள். ஒன்பதாவது அத்தியாயத்தில் அவள் வலது கை பாறைக்கும் இரும்புக் கதவுக்கும் நடுவே நசுங்குகிறது. எனக்கு இது முன்பே தெரியும். அந்தக் கை கடைசி வரை சரியாகாது என்பதும் தெரியும். தெரிந்தே ஏன் அம்மாவோடு இந்தத் தொடரை ஆரம்பித்தேன் என்று கேட்டால், அந்த முடிச்சு என்னை மயக்கிவிட்டது, முன்பின் யோசிக்கவில்லை என்பதுதான் பதில்.

பத்தாவது அத்தியாயத்தில் அவர்களுக்குள் வைத்தியம் பார்க்கும் கிழவி அந்தக் கையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்கிறாள். திரையின் அடியில் எழுத்து வந்தது. அம்மா பந்தை அமுக்குவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள்.

"மூணு மாசத்துல சரியாயிரும்கிறா" என்று வாசித்தேன்.

அம்மா மறுபடி பந்தை அமுக்கத் தொடங்கினாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு பொய்க்கு அதற்கடுத்த வரியிலேயே முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. 'இனி யார் முதலில் இறங்குவது' என்று மற்றவர்கள் பேசினால் 'இவள் ஓய்வெடுக்கட்டும்' என்று வாசித்தேன். பதினோராவது அத்தியாயத்தில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து அழுகிறாள், நீளமான அழுகை. சரியாகப் போகிற கைக்கு யார் அவ்வளவு அழுவார்கள்? எனக்கு வியர்த்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவ வளத்த ஆடு செத்துப்போச்சாம்."

கீழ்வீட்டு அம்மா துள்ளி உட்கார்ந்தார். "ஆடு இருந்துச்சுங்களா? நாம பாக்கவே இல்லீங்களே!"

"முன்னாடி இருந்துச்சு. நமக்குக் காட்டல."

"வெள்ளாடா, செம்மறியாடுங்களா?"

"வெள்ளாடு."

அன்றிலிருந்து அந்த ஆடு என் கழுத்தைப் பிடித்தது. அந்தப் பெண் முகம் வாடும்போதெல்லாம் கீழ்வீட்டு அம்மா "ஆட்ட நெனச்சுக்கிட்டாளாட்ட இருக்குதுங்க" என்பார். ஒரு நாள் பால் கொடுக்க வந்தவர் படியில் நின்றபடி, ஆடு சினையாக இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல மனம் வராமல் ஆமாம் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருடம் ஒரு வார்த்தையைக் கூட்டாதவள், இப்போது ஒரு சினை ஆட்டையே கூட்டியிருந்தேன். அலுவலகத்தில் மனுவை எடுத்தால் எழுத்து என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது.

இருந்தாலும் அம்மா பந்தை அமுக்குவதைப் பார்க்கும்போது நான் செய்தது சரி என்றே நினைத்தேன். "இன்னும் ரெண்டு மாசம், அந்தப் புள்ள கை சரியாகுறப்ப உனக்கும் சரியாயிரும்" என்றுகூட ஒரு நாள் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் பயமும் இருந்தது. தொடர் முடிய இன்னும் சில அத்தியாயங்களே இருந்தன, ஆடியும் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டில் ஏதாவது ஒன்று என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் போகிறது.

இருபத்திரண்டாவது அத்தியாயத்தன்று கீழ்வீட்டு அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பங்குனி வெயில் இறங்கி, வயல் பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்திருந்தது. நான் டீ போட்டுக் கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு நீ வாசிக்காத" என்றாள் அம்மா. "நாஞ் சொல்றேன், கேட்டுக்க."

திரையில் ஆறு பேர் அணை விளிம்பில் நின்றார்கள். புழுதிக் காற்று வருவதற்கு முன் கீழே போய் விதை எடுத்து வந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த வருடம் பட்டினி. அந்தப் பெண் மட்டும் கொஞ்சம் தள்ளி ஒரு தூணருகே உட்கார்ந்திருந்தாள்.

"இவ எறங்கல" என்று அம்மா நிதானமாகச் சொன்னாள். "இவ மொதல்ல எறங்குற ஆளு. பத்து நாளா இவளக் கடைசில நிப்பாட்டுனாக, இப்ப மேலயே உக்கார வச்சிட்டாக. கை சரியாகப் போற புள்ளைய இடம் மாத்த மாட்டாங்கடி. பாரு, கயித்த இடுப்பச் சுத்திப் போட்டிருக்கா. கைல இல்ல. அன்னைல இருந்து முடிச்சையும் பல்லாலதான் போடுறா."

கயிறு இறங்கியது. புழுதி வந்து திரை முழுக்கப் பழுப்பாயிற்று. ஆட்கள் தெரியவில்லை, கயிறு மட்டும் தெரிந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப கயிறு ஆடுறத வச்சுப் பாக்குறா, கீழ யாரு இருக்காகன்னு. இந்த இழுப்பு அந்தக் கள்ளப்பய. இது சின்னவ. இந்தா, இந்த இழுப்பு சரியில்ல. அவனுக்கு மூச்சு முட்டுது. இப்ப இவ எந்திரிப்பா."

அவள் எழுந்தாள். உடம்பை முழுதாகப் பின்னால் சாய்த்து, காலைத் தூணில் முட்டுக் கொடுத்து, கையே இல்லாமல் இடுப்பால் இழுத்தாள். ஒவ்வொருவராகப் புழுதிக்குள்ளிருந்து மேலே வந்தார்கள். ஆறு பேரும் வந்தார்கள்.

எழுத்து திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா சொன்னதும் எழுத்தில் இருந்ததும் ஒன்றுதான். சில இடங்களில் அம்மா சொன்னது எழுத்தைவிட மேலாக இருந்தது. ஜப்பானிய மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, தமிழில் நான் சொன்னது பொய். மூன்றையும் தாண்டிப் போய் அவள் கதையைக் கையிலிருந்தே எடுத்திருக்கிறாள். பயம், வெட்கம் எல்லாம் இருந்தும், அந்த நிமிடம் எனக்குள் இருந்தது வியப்புதான். நான் என்னவோ மொழி தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எப்ப இருந்தும்மா தெரியும்?"

"அன்னைக்கே. ஆட்டுக்கு அழுகுறவ தன் கையையா பாத்து அழுவா?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீ எதுக்கு அந்தப் புள்ள கைய மறைக்கணும்? எங் கையப் பத்தி ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்." டீயை இடது கையால் எடுத்து ஒரு வாய் குடித்தாள். "அன்னைக்கு அந்த வைத்தியக்காரி என்ன சொன்னா? எழுத்துல இருக்குறத இருந்தபடி சொல்லு."

பத்தாவது அத்தியாயத்துக்குப் போனேன். கிழவி அந்தக் கையைத் தடவினாள். நான் மனு வாசிப்பதுபோல வாசித்தேன்.

"இந்தக் கை இனிமேல் கயிறு பிடிக்காது. கயிற்றைத் தாங்க உடம்பில் வேறு இடம் உண்டா என்று நாளைக் காலையிலிருந்து பார்ப்போம்."

படத்தை அங்கேயே நிறுத்தினேன். திரையில் கிழவி அப்படியே நின்றிருந்தாள்.

"ரெண்டு பேச்சு இருக்குடி இதுல" என்றாள் அம்மா. "மொதப் பேச்ச மறைக்கிறேன்னு ரெண்டாவதையும் சேத்து முழுங்கிட்ட." பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டரும் ரெண்டு சொன்னாரா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு அது திரும்ப வந்தது. மனதில் நிற்காமல் போன அந்த வாக்கியம், டாக்டரின் குரலோடு, மலையாளத்தில், ஒரு சொல் குறையாமல் வந்தது. இடது கையைப் பழக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே தொடங்கினால் நல்லது, தாமதித்தால் இந்த வயதில் பழகுவது கஷ்டம். அதை அப்படியே தமிழில் சொன்னேன். காய் எடுக்க முடியாது என்றதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். இரண்டு மாதமாக அவள் வேலைக்கு ஆகாத கையில் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வெள்ளாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பந்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். அன்றிலிருந்து சாப்பாடு, கதவுத் தாழ், தலை வாருவது எல்லாம் இடது கை. ஒரு தட்டில் பச்சைப்பயறையும் கடுகையும் கலந்து கொட்டி, இடது கை விரல்களால் பிரித்துப் பிரித்துப் போடுவாள். முதல் வாரம் பயறு தெறித்து வீடெல்லாம் உருண்டது. நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

"கீழ வீட்டம்மாகிட்ட ஆடு இல்லேன்னு சொல்லிராத" என்றாள் ஒரு நாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாவம், அது மேல உசிரா இருக்கு அந்தப் பொம்பள."

மிச்ச இரண்டு அத்தியாயங்களையும் மூவரும் சேர்ந்து பார்த்தோம். நான் இருந்தது இருந்தபடி வாசித்தேன். கடைசியில் அந்த ஏழு பேரும் அணையை விட்டுப் போவதா இருப்பதா என்று பேசி, இருப்பது என்று முடிவெடுத்து, விதை விதைக்கிறார்கள். அவ்வளவுதான் முடிவு. முளைத்ததா என்று காட்டவில்லை. கீழ்வீட்டு அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆடு இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு குட்டி போட்டிருக்குமுங்க" என்றார்.

ஆனி மாதம் அம்மா என்னைக் காகிதம் எடுக்கச் சொன்னாள்.

"ஒரு அபேட்ச எழுதணும். மேனேஜருக்கு."

விண்ணப்பத்துக்கு மலையாளத்தில் அபேக்ஷை என்று பெயர். மலையில் தமிழர்கள் வாயில் அது அபேட்ச. அம்மா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு மலையாளத்தில் மாற்றினேன். 'எனது வலது கை இனிமேல் காய் எடுக்காது. வரிசையில் மேல் ஓரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலைக்கு எனது இடது கை ஆகுமா என்று ஒரு வாரம் பார்த்துச் சொல்லவும்.' மேல் ஓரம் என்ற வரி வந்தபோது என் பேனா நின்றது. அதை விட்டுவிடலாமா என்று கேட்டேன், மேனேஜருக்கு அது தேவையில்லை என்றேன்.

"எழுது" என்றாள்.

எழுதினேன். முடித்ததும் மலையாளத்திலிருந்து மறுபடி தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னாள். நான் வாசிக்கும்போது அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேர்மையாக நான் எந்த மனுவையும் வாசித்ததில்லை.

ஆடியில் கொண்டு போய் விட்டேன். ஸ்டோர் என்பது காயை உலர்த்தி வைக்கும் கட்டடம். அங்கே உலர்ந்த காய்களை நீளமான மேசையில் கொட்டி, வெடித்ததையும் சொத்தையையும் சிறியதையும் பெண்கள் விரலால் தள்ளிப் பிரிப்பார்கள். ஒரு வாரம் பார்ப்பதாகச் சொன்னவர்கள் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் தினமும் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை போனில் கேட்டேன், கை எப்படி இருக்கிறது, பழகிவிட்டதா என்று.

"பழகுது, பழகுது" என்றாள். பின்னால் மேசையில் காய் கொட்டும் சத்தம் கேட்டது. "பக்கத்துல இருக்குறவ ரெண்டு தட்டு முடிக்கிறப்ப நான் ஒண்ணு முடிக்கிறேன். ரெண்டு மாசம் முன்னாடியே தொடங்கியிருந்தா இந்நேரம் அவளப் புடிச்சிருப்பேன்."